இரண்டு பொத்தான், ஒரு விளக்கு

மோட்டோகிராஸ் பந்தய வண்டியின் பின்னால் போய்ப் பார்த்தால் வெறும் பிளாஸ்டிக் மட்கார்டுதான் இருக்கும். விளக்கு கிடையாது. அடைத்த களத்துக்குள் சுற்றும் வண்டி அது. முன்னே போகிறவர் பிரேக் பிடிக்கிறாரா என்று விளக்கைப் பார்த்து அங்கே யாரும் முடிவு செய்வதில்லை. எண்டூரோ பந்தயத்தின் கதை வேறு. ஒரு காட்டுப்பாதையிலிருந்து அடுத்த காட்டுப்பாதைக்குப் பொதுச்சாலை வழியாகத்தான் போக வேண்டும். டக்கார் போன்ற நெடும்பயண ரேலிகளிலும் ஒரு கட்டம் முடிந்து அடுத்த கட்டத்துக்குப் போகும் சாலையில் லாரியும் காரும் கூடவே வரும். அங்கே பின்னால் வருகிறவருக்கு நம் கையும் காலும் செய்வதைச் சொல்ல அந்தச் சிவப்பு விளக்கு ஒன்றுதான் இருக்கிறது.

இரண்டுக்கும் நடுவே ஒரு ரகம் உண்டு. ஹோண்டாவின் சி.ஆர்.எஃப். 450 எக்ஸ், யமஹாவின் டபிள்யூ.ஆர். 450 எஃப் போன்றவை அமெரிக்கச் சந்தைக்குப் போனபோது முன்விளக்கும் இருந்தது, பின்னால் சிவப்பு விளக்கும் இருந்தது. பிரேக் விளக்கு மட்டும் இல்லை. லிவரிலும் பெடலிலும் சுவிட்ச் இல்லை. அப்படிப்பட்ட வண்டியில் ஒரு பிரேக் விளக்கை எப்படி ஒழுங்காக இணைப்பது என்பதுதான் இங்கே பேச்சு. ஹீரோ எக்ஸ்பல்ஸ், ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் வைத்திருப்பவர்களுக்குக் கம்பெனியே இரண்டு சுவிட்சும் கொடுத்திருக்கிறது. அவர்களுக்கு இது பழுது கண்டுபிடிக்க உதவும். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தியாவில் பந்தயத்துக்கென்று வந்த வண்டியில் விளக்கு மாட்டிவிட்டால் ஆர்.டி.ஓ. ஆபீசில் பதிவு கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். வகை ஒப்புதல் வேறு சமாச்சாரம்.

மின்சுற்று என்னவோ மிக எளிது. வீட்டு வாசலில் ஒரு காலிங் பெல் பொத்தான், கொல்லைப்புறத்தில் இன்னொன்று, உள்ளே மணி ஒன்றுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதை அழுத்தினாலும் மணி அடிக்கும். முன் பிரேக் சுவிட்ச் ஒரு பொத்தான், பின் பிரேக் சுவிட்ச் இன்னொன்று, பிரேக் பல்பு அந்த மணி. பேட்டரியின் பாசிட்டிவ்விலிருந்து சாவி வழியாக, ஒரு பியூஸ் வழியாக வரும் வயர் இரண்டு சுவிட்சுகளின் ஒரு முனைக்கும் போகிறது. மறுமுனைகள் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து பல்புக்குப் போகின்றன. பல்பின் இன்னொரு பக்கம் எர்த். அவ்வளவுதான்.

இதில் செய்யக்கூடிய அசட்டுத் தவறு, இரண்டு சுவிட்சையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்துவிடுவது. அப்போது கையும் காலும் சேர்ந்து பிடித்தால்தான் விளக்கு எரியும். வேடிக்கை என்னவென்றால், பட்டறையில் சோதிக்கும்போது பலரும் இரண்டையும் சேர்த்தே அழுத்திப் பார்க்கிறார்கள். எரிகிறது, சரி என்று அனுப்பிவிடுகிறார்கள். என் வண்டியும் ஒருமுறை அப்படித்தான் வீட்டுக்கு வந்தது. மூன்று வாரம் கழித்து, பின்னால் வந்த நண்பன் சொல்லித்தான் தெரிந்தது. தனித்தனியாக அழுத்திப் பாருங்கள்.

சாவி வழியாக வரும் வயரை எடுக்காமல் பேட்டரியிலிருந்து நேராக எடுத்தால் வேலை சுலபம்தான். ஆனால் சேறு அடைத்துப் பெடல் சுவிட்ச் ஒட்டிக்கொண்டுவிட்டால் வண்டி நிற்கும்போதும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். 21 வாட் பல்பு 12 வோல்ட்டில் 1.75 ஆம்பியர் இழுக்கும். 4 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு மணி நேரச் சொச்சத்தில் காலி. இப்போது வரும் பந்தய வண்டிகளில் இருப்பது சின்ன லித்தியம் பேட்டரி. அதை அடிவரை வற்றவிட்டால் திரும்ப சார்ஜ் ஏறாமலே போகலாம். சாவியே இல்லாத வண்டி என்றால், எஞ்சின் ஓடும்போது மட்டும் உயிர் வரும் ஒரு வயரைத் தேடி அதை வைத்து ஒரு ரிலேயை இயக்கலாம். அது பெரும்பாடாகத் தோன்றினால் நீர் புகாத ஒரு சிறு ஆன்-ஆஃப் சுவிட்சைக் கைப்பிடி அருகே போட்டுவிடுங்கள். அதை அணைக்கும் பழக்கம் மட்டும் வேண்டும்.

எந்த சுவிட்ச்?

மூன்று வகை கிடைக்கும். பெடலில் சின்ன ஸ்பிரிங் கட்டி இழுக்கும் சுவிட்ச், நம் ஊர்ப் பழைய வண்டிகள் எல்லாவற்றிலும் இருப்பது. லிவருக்கு அடியில் ஒளிந்திருக்கும் சின்ன மைக்ரோ சுவிட்ச். மூன்றாவது, பிரேக் ஆயில் குழாயை மாஸ்டர் சிலிண்டரோடு இணைக்கும் பேஞ்சோ போல்ட்டின் தலையிலேயே உட்கார்ந்திருக்கும் அழுத்த சுவிட்ச். ஆயில் அழுத்தம் ஏறும்போது உள்ளே முனைகள் ஒட்டும். மூன்றும் சும்மா இருக்கையில் திறந்தே இருக்கும், பிரேக் பிடித்தால் மூடும்.

ஸ்பிரிங் சுவிட்ச் மலிவு. தார்ச்சாலையில் பத்து வருஷம் உழைக்கும். மண்பாதையில் அதன் ஆயுள் ஓட்டுகிறவரின் பூட்ஸைப் பொறுத்தது. பெடல் இருக்கும் வலப்பக்கம் சேறு, கல், முள்செடி எல்லாம் வந்து இடிக்கிற இடம். ஸ்பிரிங் கொக்கி கழன்று போவது சகஜம். இன்னொரு தொல்லையும் உண்டு. வண்டித்தடப் பள்ளங்களில் நின்றுகொண்டு ஓட்டும்போது கால் பெடல்மேல் லேசாகச் சாய்ந்தே இருக்கும். பிரேக் பிடிக்காமலே விளக்கு எரிந்துகொண்டிருந்தால், உண்மையிலேயே பிடிக்கும்போது பின்னால் வருகிறவர் நம்பமாட்டார்.

அழுத்த சுவிட்சில் அந்தத் தொல்லை இல்லை. ஆயிலில் அழுத்தம் ஏறினால்தான் எரியும். வெளியே அசையும் பாகமே கிடையாது. ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு: சில பார் அழுத்தம் சேரும்வரை விளக்கு எரியாது. இறக்கத்தில் ஒற்றை விரலால் லிவரை மெல்ல வருடிக்கொண்டு இறங்குகிறோமே, அந்த மாதிரி மென்மையான பிரேக்குக்கு அது சற்றுத் தாமதமாகத்தான் விழிக்கும். ஆகவே என் தேர்வு, பின்னால் அழுத்த சுவிட்ச், முன்னால் முடிந்தவரை மைக்ரோ சுவிட்ச். முடிந்தவரை என்று சொல்வதற்குக் காரணம், பந்தய வண்டியின் லிவர் தாங்கியில் சுவிட்ச் பொருத்தத் துளையே இருக்காது. விழுந்தால் மடங்கிக்கொள்ளும் வெளிச்சந்தை லிவர்கள் பலவற்றில் சுவிட்சை அழுத்தும் மூக்கும் இருக்காது. அப்போது முன்னாலும் பேஞ்சோதான்.

பேஞ்சோ வாங்கும்போது மரை அளவைக் கவனிக்காமல் வாங்கினால் கைக்காசு போவதோடு நிற்காது. பெரும்பாலான ஜப்பானிய வண்டிகளின் நிஸ்ஸின் பிரேக்கில் போல்ட் 10 மி.மீ. தடிமன், மரை இடைவெளி 1.25 மி.மீ. கே.டி.எம். போன்ற வண்டிகளின் பிரெம்போவில் அதே 10 மி.மீ., ஆனால் இடைவெளி 1.0 மி.மீ. கையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. மாற்றிப் போட்டு ஸ்பானர் கொண்டு இறுக்கினால் அலுமினிய மாஸ்டர் சிலிண்டரின் மரை வழித்துக்கொண்டு வரும். விரலாலேயே நாலைந்து சுற்று சுலபமாக ஏற வேண்டும்; ஏறவில்லையா, அது உங்கள் போல்ட் இல்லை.

பின்பக்கத்தில் இந்த போல்ட்டைக் கேலிப்பர் முனையிலும் போடலாம், மாஸ்டர் சிலிண்டர் முனையிலும் போடலாம். கேலிப்பர் சூட்டில் வேகும், சக்கரத்தோடு மேலும் கீழும் ஆடும். வயர் அந்த ஆட்டத்துக்கெல்லாம் ஈடுகொடுக்க வேண்டும். மாஸ்டர் சிலிண்டர் முனையே நல்லது. அங்கே வலது பூட்ஸ் உரசும் என்பதால் வயரைச் சட்டத்தின் உட்புறமாகக் கொண்டுபோங்கள்.

குழாயின் கண் பகுதிக்கு இருபுறமும் ஒவ்வொரு வாஷர், இரண்டும் புதிது. பழையது ஏற்கெனவே நசுங்கியது, மறுபடி நசுங்கி அடைக்காது. இறுக்க அளவுக்கு உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தைப் பாருங்கள். போல்ட்டைச் சுற்றும்போது அதன் தலையிலிருந்து வரும் வயரும் கூடவே சுற்றும். ஆகவே முழுவதும் இறுக்கிய பிறகுதான் வயரை வண்டியோடு இணைக்க வேண்டும். பிரேக் ஆயில் பெயிண்ட்டைத் தின்னும், அதனால் ஒரு ஈரத்துணி பக்கத்திலேயே இருக்கட்டும். டாட் 4 என்று மூடியில் போட்டிருந்தால் டாட் 4 மட்டும்; டாட் 5 சிலிக்கான், இரண்டும் கலக்கக் கூடாது. வேலை முடிந்ததும் குழாயில் புகுந்த காற்றை எடுத்தாக வேண்டும். முன் மாஸ்டர் சிலிண்டர்தான் அந்தக் குழாய்வழியில் உயரமான இடம், குமிழி அங்கேதான் போய் ஒதுங்கும். எல்லாம் முடித்த பிறகும் லிவர் மெத்தென்று இருந்தால் அதைக் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டி இரவு முழுக்க விட்டுவிடுவது மெக்கானிக்குகளின் பழைய வைத்தியம். காலையிலும் மெத்தென்றே இருந்தால் வண்டியை வெளியே எடுக்காதீர்கள். விளக்குக்காகப் பிரேக்கைத் தொட்டோம். பிரேக்கை இழந்துவிடக் கூடாது.

ஸ்பிரிங் சுவிட்ச்தான் போடுகிறீர்கள் என்றால் ஒரு வரியில் சொல்லிவிடலாம்: அளவு சரிசெய்யும்போது சுவிட்ச் உடலைப் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்புங்கள், உடலைத் திருப்பினால் அடியில் வயர் முறுக்கி அறுந்துவிடும்.

வயர்

நிறத்தை நம்பி வெட்டாதீர்கள். பழுப்பு வயரை எடுத்துக்கொள்வோம். கே.டி.எம்.மில் அது எர்த். யமஹாவில் அது சாவி போட்டதும் மின்சாரம் வரும் வயர். ஹோண்டாவில் பின்விளக்குக்குப் போவது. எர்த் என்றால் ஹோண்டாவுக்குப் பச்சை, யமஹாவுக்குக் கருப்பு. அதே கருப்பு ஹோண்டாவில் சாவி வழி வரும் பாசிட்டிவ். ஹோண்டாவில் வேலை பழகிய கை யமஹாவைத் தொட்டால் பியூஸ் போவதற்கு இதுவே காரணம். மல்டிமீட்டரையோ, அது இல்லையென்றால் ஒரு பல்பில் இரண்டு வயர் பற்றவைத்த டெஸ்ட் லேம்ப்பையோ வைத்து உறுதி செய்துகொண்டு பிறகு வெட்டுங்கள்.

0.75 சதுர மி.மீ. பல இழை வயர் இதற்குத் தாராளம். வீட்டு வயரிங்கின் ஒற்றைக் கம்பி வேண்டாம். எஞ்சின் அதிர்வில் உள்ளுக்குள்ளேயே ஒடிந்து, மேலே உறை மட்டும் முழுசாக இருக்கும். பியூஸ் 5 ஆம்பியர். இணைப்புகளில் ஈயம் வைப்பதைவிட நல்ல கிரிம்ப் போட்டு மேலே சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடுவது எனக்குப் பிடிக்கும்; ஈயம் முடிகிற இடத்தில் வயர் விறைத்து, அதிர்வில் சரியாக அங்கேயே ஒடிகிறது. கருப்பு இன்சுலேஷன் டேப் மட்டும் சுற்றி விட்டால் முதல் மழையிலேயே பசை இளகிப் பிரிந்துவிடும்.

எர்த்துக்கு வருவோம், கோளாறு அதிகம் பிறக்கும் இடம் அது. சாலை வண்டியில் விளக்கின் உலோகக் கூடு சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் எர்த் தானாகக் கிடைத்துவிடும். மண்பாதை வண்டியின் பின் மட்கார்டு பிளாஸ்டிக். அதில் எத்தனை நட்டு போட்டு விளக்கை இறுக்கினாலும் எர்த் வராது. விளக்கிலிருந்து ஒரு தனி வயர் சட்டத்துக்கோ, இன்னும் நல்லது, பேட்டரியின் நெகட்டிவ்வுக்கோ போக வேண்டும். சட்டம் என்றால் பெயிண்ட்டைச் சுரண்டி வெள்ளை இரும்பு தெரிய வேண்டும். பிளாஸ்டிக் மட்கார்டு குலுங்கும் வண்டியில் ஒரு சாண் நீளத்துக்கு ஆடும். அதில் போகும் வயர் இரண்டு இடத்தில் கட்டப்பட்டு நடுவே சற்றுத் தொய்வாக இருக்கட்டும்.

எர்த் கெட்டால் விளக்கு விசித்திரமாக நடந்துகொள்ளும், அதற்கும் காரணம் உண்டு. பழைய இரட்டை இழை பல்பில் 21 வாட் பிரேக்குக்கு, 5 வாட் பின்விளக்குக்கு. அடியில் இரண்டு பொட்டுகள் தனித்தனி பாசிட்டிவ். பித்தளைக் கூடு இரண்டுக்கும் பொது எர்த். பக்கவாட்டு முளைகள் ஒன்று மேலே ஒன்று கீழே இருப்பது, தலைகீழாக மாட்டிவிடாமல் இருக்கத்தான். எர்த் முழுதும் அறுந்துபோய், விளக்கு சுவிட்சும் அணைந்திருக்கும்போது பிரேக்கைப் பிடித்தால், மின்சாரம் 21 வாட் இழை வழியே வந்து, வெளியேற வழியில்லாமல் 5 வாட் இழையைப் பின்பக்கமாகத் தாண்டி, பின்விளக்கு வயரிலேயே திரும்பி ஓடி, மீட்டர் பல்பு வழியாக எர்த்தைத் தேடும். பிரேக் பிடித்தால் பின்னால் மங்கலாக ஒரு சிவப்பு, முன்னால் மீட்டரில் ஒரு மினுக்கு. பேய் பிடித்தது போல இருக்கும். எர்த் அறுபடாமல் துரு மட்டும் ஏறியிருந்தால், பின்விளக்கு எரிகையில் பிரேக்கைப் பிடித்ததும் அது மங்கும். இவற்றைக் கண்டால் சுவிட்சை மாற்றி மாற்றிப் போட்டுக் காசைக் கரைக்காதீர்கள். ஒரு தனி வயரை பல்பின் கூட்டிலிருந்து பேட்டரி நெகட்டிவ்வுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள்.

எல்.இ.டி. விளக்கு போட்டால் 21 வாட் இரண்டு மூன்று வாட்டாகக் குறையும், கால் ஆம்பியர் போதும். சின்ன அழுத்த சுவிட்சின் உள்முனைகள் பொறி பறந்து கருகாமல் நெடுநாள் இருக்கும், எனக்கு எல்.இ.டி. பிடித்ததற்கு வெளிச்சத்தைவிட இதுவே காரணம். அதிர்வில் அறுந்துபோக இழையும் இல்லை. பாசிட்டிவ், நெகட்டிவ் மாற்றிக் கொடுத்தால் மட்டும் எரியாது. ஒரு சின்ன வேடிக்கையும் உண்டு: சுவிட்ச் முனைகளுக்கு நடுவே சேற்றுத்தண்ணீர் நின்றால் அதன் வழியே கசியும் துளி மின்சாரத்துக்கே எல்.இ.டி. மங்கலாக எரியும். பழைய பல்பு இதைக் கண்டுகொள்ளாது.

பேட்டரியே இல்லாமல் உதைத்துக் கிளப்பும் பழைய வண்டிகளில் நிலைமை மாறும். அவற்றில் விளக்குக்கு வருவது மேக்னட் காயிலிலிருந்து நேராக வரும் ஏ.சி. மின்சாரம். சாதாரண பல்புக்கு ஏ.சி.யா டி.சி.யா என்ற கவலை இல்லை. சுவிட்ச் இணைப்பும் அதேதான். ஆனால் எஞ்சின் மெதுவாக ஓடும்போது பிரேக் பிடித்தால் முன்விளக்கு மங்கும், காயில் கொடுப்பதே கொஞ்சம்தான். எல்.இ.டி. வேண்டுமென்றால் ரெக்டிஃபையர் போட்டு டி.சி.யாக்க வேண்டும், கூடவே ஒரு பெரிய கெப்பாசிட்டரோ சின்ன பேட்டரியோ. அங்கே பலரும் சறுக்குவது இதில்: இந்த வண்டிகளில் காயிலின் ஒரு முனை உள்ளேயே எஞ்சின் உடலோடு எர்த் ஆகியிருக்கும். அந்த முனையை அவிழ்த்துத் தனி வயராக வெளியே கொண்டுவராமல் முழு அலை ரெக்டிஃபையரைப் போட முடியாது. அது மேக்னட் மூடியைத் திறக்கும் வேலை. எல்.இ.டி.க்காக அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று கேட்டால், அந்த வண்டிக்குச் சாதாரண பல்பே போதும் என்பேன்.

பழுது பார்க்கும்போது முதலில் சுவிட்சின் கனெக்டரைக் கழற்றி, வண்டிப்பக்கத்து இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துப் பாருங்கள். விளக்கு எரிந்தால் குற்றவாளி சுவிட்ச். எரியாவிட்டால் பல்பு, பியூஸ், எர்த் என்ற வரிசையில் போங்கள். நான் டூல் பையில் இரண்டு பக்கமும் கிளிப் வைத்த முக்கால் அடி வயர் ஒன்று வைத்திருக்கிறேன். சுவிட்சை ஒழுங்காகப் போட்டபின் அதற்கு இருக்கும் பெரிய எதிரி வாட்டர் சர்வீஸ் கடையின் பீச்சுக்குழாய்தான். ரப்பர் மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் அந்த வேகத்துக்கு உள்ளே தண்ணீர் போகும். கனெக்டருக்குள் கொஞ்சம் டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவிவிட்டு, பீச்சுகிறவரிடம் அந்தப் பக்கம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கடைசியாகச் சோதிக்கத் துணைக்கு ஆள் தேவையில்லை. பொழுது சாய்ந்ததும் வண்டியின் பின்பக்கத்தை ஒரு வெள்ளைச் சுவருக்கு இரண்டடி தள்ளி நிறுத்தி, ஏறி உட்கார்ந்து திரும்பிப் பாருங்கள். கையால் மட்டும், பிறகு காலால் மட்டும். எஞ்சினைப் போட்டு ஹேண்டிலை இடக்கோடி வரை, வலக்கோடி வரை திருப்பியபடி லிவரைப் பிடித்துப் பாருங்கள். தலைக்குழாய் அருகே வயர் குட்டையாக இருந்தால் ஏதோ ஒரு கோடியில் சுவரின் சிவப்பு அணையும். பிறகு இருக்கையில் உட்கார்ந்தபடி வண்டியை நாலு முறை அமுக்கி எழுப்பி, மறுபடி காலால் பிடித்துப் பாருங்கள்.